செருப்பைக் கழற்றிய இடம்

அவள் ஏன் செருப்பைக் கழற்றினாள் என்பது இந்த அறையில் யாருக்கும் விளங்கவில்லை. எனக்கு விளங்குகிறது. இவர்களிடம் அதைச் சொல்லிவிடக் கூடாது.

மோகனப்பிரியா இப்படி நினைத்தபடி தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறந்தாள், குடிக்காமலே மறுபடி மூடினாள். சத்துவாச்சாரியில் இருந்த அந்த மூன்றாம் மாடி அறைக்குள் ஏசி குளிர் முழங்கைவரை ஏறியிருந்தது. சன்னலுக்கு வெளியே வேலூர் மலைப் பாறைகள் கண் கூசும்படி வெளுத்துக் கிடந்தன.

"மறுபடி சொல்றேன், கேளுங்க," என்றார் கிரிதர். நிறுவனம் அவருடையது. நல்ல செய்தியோ கெட்ட செய்தியோ, எதையும் ஒரு வேடிக்கைபோலச் சொல்வது அவர் பழக்கம். "சாப்பாட்டு நேரம். காட்பாடி ரோட்டுல குழாய் பதிக்கிற ஆளுங்க நம்ம நிழல்ல உக்காந்து சாப்பிடுறாங்க. எல்லாம் அமைதியா போய்ட்டிருக்கு. ஒரு அம்மா மட்டும் செருப்பக் கழட்டிட்டு, கை கழுவத் தண்ணி லாரி வரைக்கும் வெறுங்கால்ல நடந்து போயிருக்காங்க. மே மாச தார் ரோடு. கால்ல கொப்புளம். எனக்குப் புரியவே இல்ல. ரோட்டுல எவனாவது செருப்பக் கழட்டுவானா?"

"நல்லவேளை சார், கண்ணாடியக் கழட்டல," என்றான் அஃப்சல். தொழிலாளர்கள் மணிக்கட்டில் கட்டிக்கொள்ளும் வெயில் பட்டையையும் கண்ணாடியையும் இணைக்கும் வேலை அவனுடையது. இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள்.

"அவங்க பேர் என்ன சார்?" என்று மோகனா கேட்டாள்.

கிரிதர் திரையைப் பார்த்தார். "வேண்டா."

"வேண்டாம்னா விடுங்க சார், சும்மாதான் கேட்டேன்."

"ஐயோ, பேரே அதுதாங்க. வேண்டா."

இப்போது எல்லோரும் சிரித்தார்கள். "நாலஞ்சு பொண்ணு வரிசையா பொறந்தா அப்படி வைப்பாங்க," என்றான் அஃப்சல். "இனிமே பொண்ணு வேண்டாம்னு சாமிக்கு சொல்ற மாதிரி. எங்க தெருவுலயே ஒரு பாட்டிம்மா இருந்தாங்க."

மோகனா சிரிக்கவில்லை. அவள் கிரிதரின் கண்களைக் கவனித்துக்கொண்டிருந்தாள். 'கொப்புளம்' என்று சொன்னபோது அவர் தன்னைப் பார்க்காமல் அஃப்சலைப் பார்த்தார். அஃப்சல் மேசையைப் பார்த்தான். வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது, இருட்டு எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்துப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இதெல்லாம் தப்புவதில்லை.

வெயிலில் வேலை செய்பவர்களுக்கு ஒப்பந்தக்காரர்கள் கொடுக்கும் அந்தக் கண்ணாடிக்குத் 'தரு' என்று பெயர். அதை மாட்டிக்கொண்டு பார்த்தால் மொட்டை ரோட்டில் ஒரு புங்க மரம் நிற்கும். மரத்தைச் சுற்றி நிழல் விழுந்திருக்கும். மரத்தை மெஷின் வரைந்தது. நிழலை வரைந்தது மோகனா. புகைப்படம்போலப் புள்ளி புள்ளியாக அல்லாமல், கோடுகளும் வளைவுகளுமாக வெக்டர் படமாக வரைந்தாள். எவ்வளவு பெரிதாக இழுத்தாலும் அது பிசிறடிக்காது. மலிவான கண்ணாடியின் சின்ன மூளைக்கும் அது பாரமில்லை.

நிழல் கறுப்பு இல்லை என்று அவள் தெரிந்துகொண்டதே இந்த வேலைக்கு வந்தபிறகுதான். தார் ரோட்டில் விழும் நிழலில் வானத்தின் நீலம் கொஞ்சம் கலந்திருக்கும். செம்மண்ணில் விழுந்தால் ஊதா ஏறும். அடிமரத்தை ஒட்டி விளிம்பு துல்லியமாக இருக்கும், உயரத்துக் கிளையின் நிழலில் அதே விளிம்பு கரைந்து போயிருக்கும். இலை இடுக்கில் இறங்கும் வெளிச்சம் இலையின் வடிவில் விழாது. வட்ட வட்டமாகத்தான் விழும், ஒவ்வொன்றும் ஒரு குட்டிச் சூரியனாக.

இதெல்லாம் மெஷினுக்கும் தெரியும். ஆனாலும் மெஷின் போட்ட நிழலில் நின்றவர்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டேதான் நின்றார்கள். கண் ஒப்புக்கொண்டது, உடம்பு ஒப்புக்கொள்ளவில்லை. ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை. ஒருநாள் மோகனா டீ குடிக்கப் போனபோது, கடைக்குப் பக்கத்து மரத்தடியில் கால் வைத்ததும் சட்டென்று நின்றாள். ரோடு நெடுக அவளோடு வந்த அவளுடைய நிழலைக் காணோம். மர நிழலுக்குள் அது கரைந்துபோயிருந்தது. ஒரு மனுஷி நிழலுக்குள் போனால் அவளுடைய நிழல் இல்லாமல் போக வேண்டும்; மெஷின் அதை விட்டுவைத்திருந்தது. மரத்தடிக்கு வந்தபிறகும் காலடியில் தன் நிழலைப் பார்க்கிற உடம்பு, நாம் இன்னும் வெயிலில்தான் இருக்கிறோம் என்று தெரிந்துகொண்டது.

அவள் அந்த அழிப்பை வரைந்தாள். மரத்தடிக்குள் வரும் ஆளின் சொந்த நிழல் விளிம்பிலிருந்து மெல்ல மெல்லக் கரைகிற மாதிரி, ஒவ்வொரு இலை நிழலுக்கும் தனித்தனியாக. செய்தது அவ்வளவுதான். பரிசோதனைக்கு வந்து நின்றவர்கள் தோளைத் தளர்த்திப் பெருமூச்சு விட்டார்கள். அந்த ரகசியத்தை அவள் யாரிடமும் விளக்கவில்லை. "மோகனா கை பட்டாத்தான் குளிருது," என்று சொல்வதோடு கிரிதரும் நிறுத்திக்கொண்டார்.

செருப்பைக் கழற்றிய செய்தியைக் கேட்டவுடன் அவளுக்கு முதலில் வந்தது என்ன? அவள் தன்னையே கிண்டிப் பார்த்தாள். பரிதாபம் இரண்டாவதாகத்தான் வந்தது. முதலில் வந்தது சந்தோஷம். மனிதர்கள் எங்கே செருப்பைக் கழற்றுவார்கள்? வீட்டு வாசலில், கோயில் வாசலில். அப்புறம், சோற்றை மடியில் வைத்துக்கொண்டு உட்காரத் தகுந்த நல்ல நிழலில். அவள் வேலையை இதுவரை யாரும் இப்படிப் பாராட்டியதில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

"தீர்வு எனக்கு நேத்து குளிக்கும்போது கெடச்சுது," என்றார் கிரிதர். "நாம என்ன மரம் குடுக்கிறோம்? புங்கை. அதான் தப்பு. அளவுக்கு மீறி நல்ல மரம். கருவேலமா மாத்திடுங்க. நிழல்லயே முள்ளு முள்ளாத் தெரியணும். தரையிலயும் அங்கங்க நாலு காஞ்ச முள்ளப் போட்டு வைங்க. எவன் செருப்பக் கழட்டுவான்?"

"குத்துற மாதிரியும் பண்ணலாம் சார்," என்றான் அஃப்சல்.

"அது அடுத்த வெர்ஷன்." கிரிதர் சிரித்துவிட்டு மோகனா பக்கம் திரும்பினார். "சீரியஸா சொல்றேன் மோகனா. லேபர் ஆபீஸ்ல கறாரா சொல்லிட்டாங்க. இன்னொரு கால் வெந்துச்சுன்னா மாவட்டம் முழுக்கத் தருவக் கழட்டிடுவாங்களாம். வெள்ளிக்கிழமை கண்ட்ராக்டர் நேர்ல பாக்க வர்றார். முள் நிழல் அதுக்குள்ள ரெடியாகணும். உங்களால மட்டும்தான் முடியும்."

அவள் தலையாட்டினாள். தலையாட்டிய பிறகுதான், இதேபோல முன்பு ஒருமுறை தலையாட்டியது நினைவுக்கு வந்தது. தரு வந்த புதிதில் ஆட்கள் நிழலைக் கண்டதும் உட்கார்ந்துவிடுகிறார்கள் என்று ஒப்பந்தக்காரர்கள் முறையிட்டார்கள். 'நிழல் வேணும், ஆனா உக்கார வைக்கக் கூடாது' என்று கேட்டார்கள். அவள் அதை ஒரு புதிராகத்தான் எடுத்துக்கொண்டாள். நிழலை ஓரிடத்தில் நிறுத்தாமல் ஆளோடு நகரவிட்டாள். ஆள் நடக்க நடக்க நிழலும் நடந்தது. சாப்பாட்டு நேரத்தில் மட்டும் உட்கார்ந்தவரோடு அது ஓரிடத்தில் நிற்கும், எழுந்து நடந்தால் மறுபடி கூடவே வரும். அந்தப் புதிரை அவிழ்த்ததற்கு ஆபீசில் கேக் வெட்டினார்கள். கேக் தின்னும்போது உள்ளே என்னவோ உறுத்தியது. அது என்னவென்று அவள் தேடிப் பார்க்கவில்லை.

சாயங்காலம் அஃப்சலிடம் வேண்டாவின் வீடு எங்கே என்று கேட்டாள்.

"எதுக்கு?"

"கால பாக்கணும்."

"சாதாரண கொப்புளம்னு சொன்னாரே."

"நீ மேசையத்தானே பாத்த அப்ப."

அஃப்சல் லேப்டாப்பை மூடினான். "விருதம்பட்டு. தண்ணித் தொட்டிக்குப் பின்னாடி. நான் சொன்னேன்னு சொல்லாத."

*

விருதம்பட்டில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் சிமெண்ட் ஓடு போட்ட வீடுகள் வரிசையாக இருந்தன. வேண்டா வாசற்படியை ஒட்டிக் கட்டிலில் கால் நீட்டிப் படுத்திருந்தாள். நாற்பத்தைந்து வயது இருக்கலாம். இரண்டு பாதங்களிலும் கணுக்கால்வரை வெள்ளைக் கட்டு.

"யாரு? கம்பெனியா?"

"ஆமாக்கா."

"கைநாட்டு வாங்க வந்துக்கினியா? நேத்தே ஒருத்தன் வந்தான். காலுதானம்மா கட்டு, கை நல்லாத்தான கீது, வையின்றான். வெக்கல. நீயும் நடையக் கட்டு."

"கைநாட்டு வேணாம்க்கா. கால பாத்துட்டுப் போகலாம்னு வந்தேன்."

"கால பாக்க வந்தியா? நீ இன்னா, பொண்ணு பாக்க வந்தவளா?"

மோகனாவுக்குச் சிரிப்பு வந்தது. வேண்டா சிரிக்கவில்லை, ஆனால் கட்டிலின் ஓரத்தைக் கையால் தட்டிக் காட்டினாள். மோகனா உட்கார்ந்தாள். கட்டின் ஓரத்தில் மஞ்சளாக ஊறியிருந்தது.

"கொப்புளம்னு சொன்னாங்க."

"கொப்புளமா! உள்ளங்காலு தோலு உரிஞ்சிகினு கையோட வந்துச்சு. கட்டு போட்ட நர்சம்மாவே மூஞ்சத் திருப்பிக்கிச்சு."

"ஏன்க்கா அவ்ளோ தூரம் நடந்தீங்க? சுடலையா?"

"சுடாமயா?" வேண்டா அவளை ஏறிட்டாள், இவளை நம்பலாமா என்று அளப்பதுபோல. "கேளு. நல்ல நெழலு. சோத்து டப்பாவ மடில வெச்சேன். செருப்போட சோறு துன்னுவாங்களா யாராச்சும்? கழட்டி ஓரமா வெச்சேன். துன்னுட்டு, கை கழுவ எழுந்து அப்படியே நடந்தேன். சுருக்குன்னுச்சு. ஆனா கண்ணுக்கு நெழலு கூடவே வருது. நெழல்ல நடக்கறேன், காலு சுடுதுன்னா, காலுக்குத்தான் இன்னமோ ஆயிப்போச்சுன்னு நெனச்சேன். எனக்கு சர்க்கர கீது. சர்க்கர இருந்தா காலு எரியும்னு டாக்டரு சொல்லிக்கிறாரு. அதான் போல கீதுன்னு லாரி வரிக்கும் போயி, கை கழுவிக்கினு, திரும்பியும் வந்தேன்."

திரும்பியும் வந்தேன். மோகனா அந்தச் சொல்லிலேயே நின்றுவிட்டாள். இந்தப் பெண் நிழலைச் சந்தேகிக்கவில்லை. தன் காலைச் சந்தேகித்திருக்கிறாள்.

சுவரில் ஆணியில் வெயில் பட்டை தொங்கியது. அதன் சின்ன விளக்கு பச்சையாக மினுக்கியது.

"இது அப்ப செவப்பாகலையாக்கா?"

"அதுவா? அது சாவுற வரிக்கும் பச்சதான். முன்னல்லாம் மத்தியானம் ஆனா செவப்பு வரும். செவப்பு வந்தா உக்காந்துடணும், கூலி புடிக்கக் கூடாது, சட்டம். மேஸ்திரி பல்லக் கடிச்சிகினு நிப்பான், நாங்க உக்காந்து ஊர்க்கதை பேசுவோம். இந்த மரம் வந்தப்பறம் செவப்ப நாங்க கண்ணால பாக்கல." வேண்டா குரலைத் தாழ்த்தினாள். "போன மாசம் ருக்கு உழுந்தா. என் பக்கத்துல மண்ணு வாரிக்கினு இருந்தவ. ஒடம்பு நெருப்பாட்டம் கொதிக்குது, ஒரு சொட்டு வேர்வ இல்ல. கையில பட்ட பச்சயா மினுக்குது. மேஸ்திரி இன்னா சொல்றான்? நடிக்காதடி, பச்சயாதான கீதுன்றான்."

"ருக்கு இப்ப எங்கக்கா?"

"இல்ல."

"வீட்ல இல்லையா?"

"ருக்குவே இல்லம்மா," என்றாள் வேண்டா.

தெருவில் யாரோ பிளாஸ்டிக் குடத்தைத் தரையில் வைத்த சத்தம் கேட்டது. மோகனாவுக்கு எழுந்து போய்விட வேண்டும்போல இருந்தது. போகவில்லை. இதைச் சொல்லாமல் போனால் அப்புறம் எப்போதும் சொல்ல மாட்டோம் என்று தெரிந்தது.

"அந்த நிழல நான்தான் வரைஞ்சேன்க்கா."

வேண்டா அவளை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். திட்டப் போகிறாள் என்று மோகனா காத்திருந்தாள். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தாள்.

"நீயா? மிசினு இல்ல?"

"மரம் மெஷின். நிழல் நான்."

"நல்லா கீதும்மா." வேண்டா கையை நீட்டி மோகனாவின் முழங்கையைத் தொட்டாள். "மெய்யாலுமே சொல்றேன். கண்ணாடி இல்லாம அந்த ரோட்ட நீ பாத்துக்கிறியா? எங்கனா ஓடிப்போயிடலாம்னு இருக்கும். காலு ஆறினதும் நான் திரும்பி அங்கதான் போவணும். அத்த மட்டும் புடுங்கிடாதீங்கோ. முடிஞ்சா கொஞ்சம் அகலமா போடு."

*

மறுநாள் மோகனா அஃப்சலை மாடிப்படியில் நிறுத்தினாள். அவன் கையில் டீ இருந்தது.

"ருக்குன்னு ஒருத்தங்க. உனக்குத் தெரியுமா?"

அவன் மேலும் கீழும் பார்த்துக்கொண்டான். "இதயக் கோளாறுன்னு எழுதியிருக்கு."

"எழுதியிருக்கிறத நான் கேக்கல. பட்டை எத அளக்குது?"

"வெயில அளக்குதுன்னு நெனச்சியா? வெயில அளந்தா மார்ச்லேர்ந்து ஜூன் வரைக்கும் செவப்பாவே இருக்கும், ஒரு வேலையும் நடக்காது. அதனால உடம்ப அளக்கச் சொல்லி சட்டம் போட்டாங்க. நாடித் துடிப்பு, வேர்வை, மூச்சு. உடம்பு எவ்ளோ தவிக்குதுன்னு அது பாக்குது." டீயை ஒரு மிடறு குடித்தான். "உன் நிழல் அந்தத் தவிப்ப எடுத்துடுது."

"சூட்ட?"

"சூட்ட எடுக்க நீ என்ன மழையா?"

"அப்ப உள்ள கொதிச்சுக்கிட்டே இருக்கும். உடம்பு மட்டும் சும்மா இருக்கும்."

"நிழல்ல இருக்கோம்னு நம்பிட்டா அது எதுக்கு வேர்க்கப் போகுது?" அவன் குரலில் கிண்டல் இல்லாமல் போயிருந்தது. "மெஷின் போட்ட நிழலுக்குப் பட்டை செவப்புலேர்ந்து எறங்கவே இல்ல மோகனா. உன்னோடது வந்த அன்னிக்குத்தான் எறங்குச்சு. அன்னிக்குத்தான் முதல் ஆர்டரும் வந்துச்சு. நாம நிழல விக்கிறோம்னா நெனச்ச? பச்சைய விக்கிறோம்."

"கிரி சாருக்குத் தெரியுமா?"

"தெரியாதுன்னு நீ நம்பணும்னா நம்பு."

அவன் மேலே போய்விட்டான். மோகனா படியிலேயே நின்றாள். எனக்குத் தெரியாதா? இந்தக் கேள்வியை அவள் தன்னிடம் கேட்டுக்கொண்டாள். கேக் தின்னும்போது உறுத்தியதே, அது என்ன? உட்கார வைக்காத நிழல் யாருக்கு வேண்டும்? நடப்பவருக்கா? அன்றைக்கு அந்தக் கேள்வி வாசல்வரை வந்தது. அவள்தான் கதவைத் திறக்கவில்லை.

அதன்பிறகும் அவள் முள் நிழலை வரைந்தாள். வரையாமல் இருக்கத்தான் உட்கார்ந்தாள், ஆனால் பேனா கையில் வந்ததும் கை வேலையைத் தொடங்கிவிட்டது. கருவேல இலை பொடிசு. அதன் நிழல் புங்கை போல அடர்ந்து விழாமல் சல்லடையாக விழும். முள்ளின் நிழல் அடியில் தடித்து, நுனியில் இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் மறையும். உதிர்ந்த முள் தரையைத் தொடும் இடத்தில் மெல்லிய இருட்டு ஒன்று ஒட்டியிருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் முள் மிதப்பதுபோல இருக்கும். அந்த இருட்டை வைத்ததும் முள் தரையில் பதிந்தது. பார்த்த அவள் காலைத் தானாகப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

நன்றாக வந்திருந்தது. மிக நன்றாக வந்திருந்தது. கடைசியாக ஒன்றுதான் பாக்கி, உள்ளே வரும் ஆளின் நிழலைக் கரைக்கும் வேலை. அதையும் செய்தாள். முடித்துவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டு, அது யாருடைய கையோ என்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

*

வெள்ளிக்கிழமை உச்சி வேளை. ஆபீசுக்குப் பின்னால் வண்டி நிறுத்தும் சிமெண்ட் திடல். ஒப்பந்தக்காரர் ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டிருப்பதாகச் சொல்லியனுப்பியிருந்தார். கிரிதர் தரு கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மணிக்கட்டில் வெயில் பட்டையும் கட்டிக்கொண்டு திடலின் நடுவே நின்றார். அஃப்சல் படிக்கட்டின் அடியில் ஒதுங்கியிருந்தான். மோகனா கையில் டேப்லெட்டுடன் வெயிலில் நின்றாள். அவள் கண்ணாடி போடவில்லை. அவளுக்குத் தெரிந்தது மொட்டைத் திடலும், அதன் நடுவே சுகமாகத் தோளைத் தொங்கவிட்டு நிற்கும் ஒரு மனிதரும்தான்.

"ஆஹா," என்றார் கிரிதர். "மோகனா, நானே இத வெளியில போட்டுப் பாத்ததில்ல தெரியுமா? ஏசி ரூம்லதான் பாத்திருக்கேன். என்ன ஒரு நிழல்! இது பழைய புங்கைதானே?"

"ஆமா சார்."

"மெதுவா முள்ள ஏத்துங்க. ஒண்ணும் அவசரமில்ல."

அவர் அண்ணாந்து இல்லாத கிளைகளைப் பார்த்தார். இடுப்பில் கை வைத்துக்கொண்டார். நல்ல இடத்தில் நிற்கும் மனிதர் செய்வதுபோல, யோசிக்காமல் வலது காலைத் தோல் செருப்பிலிருந்து உருவி, விரல்களை நெட்டி முறிப்பதுபோல அசைத்தார். பிறகு அந்தக் காலைத் தரையில் ஊன்றினார்.

மோகனா மூச்சை இழுத்தாள். அவர் துள்ளுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் துள்ளவில்லை. புருவம் லேசாகச் சுருங்கியது. குனிந்து தன் காலைப் பார்த்தார். பட்டை பச்சையாகவே மினுக்கியது.

"கால் என்னமோ பண்ணுது," என்றார். "நேத்து ரொம்ப நேரம் ஷட்டில் ஆடினேன். அதான் போல."

"செருப்பப் போட்டுக்கங்க சார்," என்றாள் மோகனா. குரல் அவளை மீறி உயர்ந்துவிட்டது. "கால எடுங்க!"

அப்போதுதான் அவர் கண்ணாடியை நெற்றிக்கு உயர்த்தினார். வெயில் முகத்தில் அறைந்தது. "அம்மாடி!" என்று காலைத் தூக்கிக்கொண்டு ஒற்றைக் காலில் தடுமாறினார். அஃப்சல் ஓடிவந்து பிடித்துக்கொண்டான். உள்ளங்கால் செக்கச் சிவந்திருந்தது. கிரிதர் அதைப் பார்த்தார், கழன்று கிடந்த செருப்பைப் பார்த்தார், பிறகு மோகனாவைப் பார்த்தார். ஒரு கணம் அவர் முகத்தில் வேடிக்கை இல்லை. அந்த ஒரு கணத்தில் அவருக்கு எல்லாம் தெரியும் என்று மோகனாவுக்குத் தெரிந்துவிட்டது. முன்பே தெரியும்.

அந்தக் கணம் போய்விட்டது. அவர் சிரித்தார். "பாத்தீங்களா? இதுக்குத்தான் முள்ளு வேணும்ங்கிறேன். எனக்கே இப்படின்னா அவங்க என்ன பண்ணுவாங்க, பாவம்." செருப்பை மாட்டிக்கொண்டு கண்ணாடியைக் கீழே இறக்கினார். தோள் மறுபடி தளர்ந்தது. "போடுங்க. அவர் வந்துடுவார். வரைஞ்சிட்டீங்கல்ல?"

"வரைஞ்சிட்டேன் சார்."

"எப்படி வந்திருக்கு?"

"நல்லா வந்திருக்கு."

"அப்புறம் என்ன?"

அவள் விரல் டேப்லெட்டின் மேல் இருந்தது. ஒரு தொடுகை போதும். அவளுக்கு ருக்குவின் முகம் தெரியாது. தெரிந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும். மாறாக, தன் முழங்கையைத் தொட்ட ஒரு கைதான் நினைவுக்கு வந்தது. அத்த மட்டும் புடுங்கிடாதீங்கோ.

"குடுக்க மாட்டேன் சார்."

கிரிதர் கோபப்படவில்லை. அவர் கோபப்பட மாட்டார் என்பதும் அவளுக்குத் தெரியும். "மோகனா, யோசிச்சுப் பேசுங்க. முள் இல்லன்னா தருவ எடுத்துடுவாங்க. அந்தம்மா மாதிரி நூத்துக்கணக்கான பேர் மொட்ட வெயில்ல நிக்கணும், அதே வெயில்ல உக்காந்து சாப்பிடணும். போய்க் கேளுங்க அவங்கள. நிழல் வேணும்பாங்களா வேணாம்பாங்களா?"

"கேட்டேன் சார். வேணும்னுதான் சொன்னாங்க."

"அப்புறம்?"

"செவப்பு வரும் சார்."

"என்னது?"

"பட்டைல செவப்பு வரும். உக்காருவாங்க."

அஃப்சல் தலையைக் குனிந்துகொண்டான். ரோட்டில் ஒரு வண்டி வந்து நின்ற சத்தம் கேட்டது, கதவு சாத்தும் சத்தம் கேட்டது. கிரிதர் கையை நீட்டி, பிடிவாதம் பிடிக்கும் குழந்தையை அழைப்பதுபோல அழைத்தார். அவர் கண்ணுக்கு அவள் வெயிலில் நின்றாள், அவர் நிழலில் நின்றார்.

"சரி, சரி. அவர் போனப்புறம் பேசிக்கலாம். மண்டை காயுது உங்களுக்கு. அந்தக் கண்ணாடிய எடுத்துப் போட்டுக்கிட்டு முதல்ல நிழலுக்கு வாங்க."

"வேண்டாம்."

"யாரு, அந்தம்மாவா?" அவர் பழக்கம்போல வேடிக்கை செய்யப் பார்த்தார்.

"இல்ல சார்," என்றாள் மோகனா. டேப்லெட்டை மூடி மார்போடு அணைத்துக்கொண்டாள். "நான்."

ரப்பர் செருப்பையும் தாண்டிச் சூடு உள்ளங்காலுக்கு ஏறியது. நெற்றியிலிருந்து வியர்வை வழிந்து இமையில் தேங்கியது. அதைத் துடைத்துக்கொண்டு அவள் குனிந்து பார்த்தாள். உச்சி வெயிலில் குறுகிப்போய், காலடியை விட்டு நகராமல், அவளுடைய நிழல் அங்கேயே இருந்தது.